இரண்டு கம்பிகளில் மின்திறனும் செய்தியும்: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

மின்விளக்கை எரியவைக்க எத்தனை கம்பிகள் வேண்டும் என்று கேட்டால், ஆறாம் வகுப்பு மாணவர்கூட இரண்டு என்று சொல்லிவிடுவார். தொலைவில் உள்ள ஒரு வெப்பநிலை உணரிக்கு மின்சாரமும் கொடுத்து, அது அளந்த வெப்பநிலையையும் திரும்பப் பெற வேண்டும் என்றால் எத்தனை கம்பிகள்? மேல்வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டால் "மூன்று", "நான்கு" என்ற விடைகள் வரும். மின்சாரத்துக்கு இரண்டு, செய்திக்கு இரண்டு என்ற கணக்கு அது. பல கருவிகள் அப்படித்தான் இருக்கின்றன. பழைய யுஎஸ்பி வடத்தை உரித்துப் பார்த்தால் மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு என நான்கு கம்பிகள் தெரியும்.

ஆனால் அந்த வேலையை இரண்டே கம்பிகளில் செய்துவிட முடியும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. தரைவழித் தொலைபேசி பல பத்தாண்டுகளாக அப்படித்தான் இயங்கியது. இது எப்படி முடிகிறது என்ற கேள்வியை மாணவர்களிடம் விட்டால், மின்தேக்கி, டையோடு, ஓம் விதி, மாறுதிசை மின்னோட்டம் என்று தனித்தனிப் பாடங்களாகப் படித்தவை ஒரே சுற்றில் வந்து சேரும். அதற்கான செயல்பாடுகளை இக்கட்டுரை தருகிறது.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
• ஒரே இணைக் கம்பியில் மின்திறனும் செய்தியும் செல்லும் மூன்று வழிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குவர்.
• மின்தேக்கியும் டையோடும் அச்சுற்றில் செய்யும் வேலையைச் செய்து காட்டுவர்.
• மின்தேக்கி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைக் கணக்கிடுவர்.

மாணவர் மனத்தில் உள்ள படம்

கம்பியைத் தண்ணீர்க் குழாயாகக் கற்பனை செய்யும்படி நாமே கற்பிக்கிறோம். தொடக்கத்தில் அது உதவுகிறது. ஆனால் அந்தப் படத்தோடு நின்றுவிட்ட மாணவருக்கு, ஒரு குழாயில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வந்தால் கலந்துவிடுமே என்ற ஐயம் எழும். செய்தி என்பது மின்சாரத்தோடு கம்பிக்குள் செல்லும் இன்னொரு பொருள் என்று அவர் நினைக்கிறார்.

செய்தி தனிப் பொருள் அன்று. மின்னழுத்தத்திலோ மின்னோட்டத்திலோ நாம் வேண்டுமென்றே செய்யும் மாற்றமே செய்தி. கம்பி எதையும் பிரிப்பதில்லை. இரு முனைகளிலும் உள்ள பலகைகளில் இருக்கும் உறுப்புகள்தாம் "இது எனக்கு உணவு, இது எனக்குக் கடிதம்" என்று பிரித்துக்கொள்கின்றன. மாணவர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

தொடக்க வகுப்புகளுக்கு

தொடக்கநிலை ஆசிரியர்கள் தீப்பெட்டித் தொலைபேசியைப் பயன்படுத்தலாம். இரண்டு காலித் தீப்பெட்டிகளை நீண்ட நூலால் இணைத்து, நூலை விறைப்பாகப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள். நூலைத் தளர்த்தினால் பேச்சு கேட்பதில்லை. விறைப்பு மாறாமல் இருக்கிறது. அதன்மேல் குரலின் அதிர்வு செல்கிறது. ஒரே நூலில் மாறாதது ஒன்றும் மாறுவது ஒன்றும் இருப்பதைக் குழந்தைகள் விரலால் தொட்டே உணரலாம்.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. நூலின் விறைப்பு மறுமுனைக்கு ஆற்றலைத் தொடர்ந்து வழங்குவதில்லை, கம்பியில் வரும் மின்சாரம் வழங்குகிறது. உயர் வகுப்புகளில் இந்த வேறுபாட்டை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

செயல்பாடு 1: காலத்தைப் பங்கிடுதல்

இது 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஏற்றது. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தொகுதி போதும்.

தேவையானவை: 9 வோல்ட் மின்கலம், இரண்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகள், சிவப்பு எல்இடி ஒன்று, மஞ்சள் எல்இடி ஒன்று, 2.2 கிலோ ஓம் மின்தடையாக்கி இரண்டு, 1என்4007 டையோடு ஒன்று, 2200 மைக்ரோ பாரட் மின்தேக்கி (16 வோல்ட் அல்லது அதற்கு மேல்) ஒன்று, 47 மைக்ரோ பாரட் மின்தேக்கி ஒன்று, சாவி செய்யப் பேப்பர் கிளிப்.

அனுப்பும் பலகை: மின்கலத்தின் நேர்முனையை ஒரு சாவி வழியாக முதல் கம்பியிலும், எதிர்முனையை நேரடியாக இரண்டாம் கம்பியிலும் இணைக்க வேண்டும். சாவி எப்போதும் மூடியே இருக்கும். செய்தி அனுப்பும்போது மட்டும் கணநேரம் திறக்கப்படும்.

பெறும் பலகை: சிவப்பு எல்இடியையும் ஒரு மின்தடையாக்கியையும் தொடராக இணைத்து, வந்துசேரும் இரு கம்பிகளுக்கும் குறுக்கே பொருத்துங்கள். இது செய்தி விளக்கு. அடுத்து, முதல் கம்பியிலிருந்து டையோடு வழியாக 2200 மைக்ரோ பாரட் மின்தேக்கியின் நேர்முனைக்கு இணைப்பு கொடுங்கள். டையோடில் வெள்ளைக் கோடு உள்ள முனை மின்தேக்கியின் பக்கம் இருக்க வேண்டும். மின்தேக்கியின் எதிர்முனை இரண்டாம் கம்பிக்குச் செல்லும். மின்தேக்கிக்குக் குறுக்கே மஞ்சள் எல்இடியையும் மற்றொரு மின்தடையாக்கியையும் தொடராகப் பொருத்துங்கள். இது வேலை விளக்கு. உண்மையான கருவியில் இந்த இடத்தில் உணரியோ நுண்செயலியோ இருக்கும்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை:

1. சாவியை மூடிவைத்தால் இரு விளக்குகளும் எரியும். இப்போது சாவியைக் கணநேரம் திறந்து மூடச் சொல்லுங்கள். சிவப்பு அணைந்து எரியும். மஞ்சள் விளக்கில் மாற்றமே தெரியாது. செய்தி வந்துவிட்டது, வேலையும் நிற்கவில்லை. குறுகிய துண்டிப்பு, நீண்ட துண்டிப்பு என்று வைத்துக்கொண்டு மோர்ஸ் குறியீட்டில் ஒரு சொல்லை அனுப்பலாம்.

2. டையோடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பியை இணைக்கச் சொல்லுங்கள். இப்போது சாவியைத் திறந்தாலும் சிவப்பு அணைவதில்லை. மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் பின்னோக்கிப் பாய்ந்து செய்தி விளக்கையும் எரியவைக்கிறது. வேலை நடக்கிறது, செய்தி தொலைந்துவிட்டது.

3. டையோடைத் திரும்ப இணைத்து, மின்தேக்கியை எடுத்துவிடச் சொல்லுங்கள். இப்போது இரு விளக்குகளும் சேர்ந்தே அணைந்து எரியும். செய்தி கிடைக்கிறது, வேலை தடைபடுகிறது.

4. பெரிய மின்தேக்கிக்குப் பதிலாக 47 மைக்ரோ பாரட் மின்தேக்கியை வையுங்கள். மஞ்சள் விளக்கு தடுமாறுவதைக் காணலாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் மின்கலத்தைக் கழற்றி, மஞ்சள் விளக்கு முழுவதும் அணையும் வரை காத்திருக்க வேண்டும். மின்தேக்கியின் முனைகளை மாற்றி இணைத்துவிடக் கூடாது.

இரண்டாம், மூன்றாம் படிகளில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. "டையோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் அனுமதிக்கும்" என்ற வரியைத் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர், அந்தப் பண்பு இல்லாவிட்டால் என்ன இழப்பு என்பதை இங்கே கண்ணால் காண்கிறார். விளக்கத்தை ஆசிரியர் முதலில் சொல்லிவிடாமல், "சிவப்பு ஏன் அணையவில்லை? அதற்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? டையோடில் சுமார் 0.7 வோல்ட் குறைவதால் மின்தேக்கியில் இருப்பது 8.3 வோல்ட். எல்இடிக்கு 2 வோல்ட் போக, மின்தடையாக்கிக்குக் குறுக்கே 6.3 வோல்ட். எனவே மின்னோட்டம் 6.3 ÷ 2200, அதாவது ஏறத்தாழ 3 மில்லி ஆம்பியர்.

அரை வினாடி துண்டித்தால் செலவாகும் மின்னூட்டம் 3 மில்லி ஆம்பியர் × 0.5 வினாடி = 1.5 மில்லி கூலும். இதை 2200 மைக்ரோ பாரட்டால், அதாவது 2.2 மில்லி பாரட்டால் வகுத்தால் மின்னழுத்தக் குறைவு ஏறத்தாழ 0.7 வோல்ட். 8.3 வோல்ட் 7.6 ஆகக் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்து வினாடி துண்டித்தால் மின்னோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும், மங்குவது நன்றாகத் தெரியும். ஆகவே இந்த முறையில் ஒரு விதி தானாகவே பிறக்கிறது: துண்டிப்பு எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு சிறிய மின்தேக்கி போதும்.

டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை உணரி இந்த விதியில்தான் இயங்குகிறது. டல்லஸ் செமிகண்டக்டர் நிறுவனம் வடிவமைத்த அது, பள்ளிச் செயல்திட்டங்களுக்கும் ஏற்றது. அதைத் தனி மின்சாரக் கம்பி இல்லாமல் தரவுக் கம்பி, தரைக் கம்பி ஆகிய இரண்டை மட்டும் கொண்டு இணைக்கலாம். தரவுக் கம்பி உயர்மின்னழுத்த நிலையில் இருக்கும்போது உணரிக்குள் உள்ள சிறு மின்தேக்கி மின்னூட்டம் பெறும். கம்பி தாழ்நிலைக்குச் செல்லும்போது அந்தச் சேமிப்பில் உணரி இயங்கும். கட்டுப்பாட்டுப் பலகை '1' என எழுதக் கம்பியை அதிகபட்சம் 15 மைக்ரோ வினாடிக்கும், '0' என எழுத 60 முதல் 120 மைக்ரோ வினாடிக்கும் தாழ்நிலையில் வைக்கிறது. நம் அரை வினாடியை விட இது பல ஆயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் உணரிக்குள் அடங்கும் அளவு சிறிய மின்தேக்கி போதுமானதாக இருக்கிறது.

இங்கே ஓம் விதிக்கு அருமையான கணக்கு ஒன்று கிடைக்கிறது. தரவுக் கம்பி வழக்கமாக 4.7 கிலோ ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டுடன் இணைக்கப்படும். வெப்பநிலையை அளக்கும்போது உணரிக்கு 1.5 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படலாம். அந்த மின்னோட்டம் 4.7 கிலோ ஓம் வழியே செல்ல வேண்டுமானால் மின்தடையில் மட்டுமே 7 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இருப்பதோ 5 வோல்ட்! எனவே, அளவீடு நடக்கும் நேரத்தில் (12 பிட் துல்லியத்துக்கு 750 மில்லி வினாடி வரை) கட்டுப்பாட்டுப் பலகை ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கம்பியை நேரடியாக 5 வோல்ட்டுடன் இணைக்க வேண்டும். அந்த நேரத்தில் தரவு செல்லாது, மின்திறன் மட்டுமே செல்லும். இதைச் செய்யாமல் விட்டால், உணரி தொடங்கும்போது வைத்திருக்கும் 85 டிகிரி செல்சியஸ் என்ற எண்ணையே அளவீடு போலத் திருப்பித் தந்துவிடக்கூடும். செயல்திட்டம் செய்யும் மாணவர் "உணரி கெட்டுவிட்டது" என்று வந்தால், முதலில் இந்த எண் வருகிறதா என்று பாருங்கள்.

செயல்பாடு 2: மறுமுனை எப்படிப் பதில் சொல்லும்?

முதல் செயல்பாட்டில் செய்தி ஒரு திசையில்தான் சென்றது. பெறும் பலகையிடம் மின்கலம் இல்லை. அது எப்படிப் பேசும்?

அனுப்பும் பலகையில் மின்கலத்துக்கும் சாவிக்கும் இடையே ஒரு மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியர் அளவீட்டில் தொடராக இணையுங்கள். சுமார் 6 மில்லி ஆம்பியர் காட்டும். பெறும் பலகையில், வந்துசேரும் இரு கம்பிகளுக்கும் குறுக்கே 470 ஓம் மின்தடையாக்கியையும் ஓர் அழுத்துப் பொத்தானையும் தொடராகப் பொருத்துங்கள். பொத்தானை அழுத்தினால் அதன் வழியாகக் கூடுதலாக 9 ÷ 470, அதாவது ஏறத்தாழ 19 மில்லி ஆம்பியர் பாயும். மீட்டர் 25ஐ ஒட்டிக் காட்டும்.

அனுப்பும் பலகை மின்னழுத்தத்தை மாற்றிப் பேசுகிறது. பெறும் பலகை தான் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தை மாற்றிப் பதில் சொல்கிறது. "நீ கொடுப்பதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறேன் என்பதே என் பதில்" என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

வாகனங்களின் ஏபிஎஸ் பிரேக் அமைப்பில் சக்கர வேகத்தை அளக்கும் இருகம்பி உணரிகள் இப்படித்தான் பேசுகின்றன. சக்கரத்தோடு சுழலும் காந்த வளையத்தின் முனைகள் கடக்கக் கடக்க, உணரி எடுக்கும் மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாறுகிறது. கட்டுப்பாட்டுப் பலகை அந்த மாற்றங்களை எண்ணிச் சக்கர வேகத்தை அறிகிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும். ஆகவே சக்கரம் நின்றதா, கம்பி அறுந்ததா என்ற குழப்பமே வராது. உயிரைக் காக்கும் கருவியில் இந்த வேறுபாடு பெரிது.

ஐரோப்பாவில் தண்ணீர், வெப்ப மீட்டர்களைப் படிக்கப் பயன்படும் எம்-பஸ் என்ற இருகம்பி முறையில் இரண்டு மொழிகளும் உள்ளன. மையப் பலகை 36 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைத்துக் கேள்வி கேட்கிறது. மீட்டர் தன் மின்னோட்டத்தை 11 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை கூட்டிப் பதில் அனுப்புகிறது.

அதிர்வெண்ணால் பிரித்தல்

மேலே கண்டவை காலத்தைப் பங்கிடும் வழியும், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனி மொழியாக்கும் வழியும். மூன்றாவது வழி அதிர்வெண். மேல்நிலை வகுப்பில் மாறுதிசை மின்னோட்டம் நடத்தும்போது இதைச் சேர்க்கலாம்.

மின்திறன் நேர்த்திசை மின்னோட்டமாகச் செல்லட்டும், அதன் அதிர்வெண் சுழி. செய்தி உயர் அதிர்வெண்ணில் செல்லட்டும். மறுமுனையில் ஒரு மின்தூண்டியும் ஒரு மின்தேக்கியும் வாயிற்காவலர்களாக நிற்கின்றன. மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள்: 1 மில்லி ஹென்றி மின்தூண்டி நேர்த்திசை மின்னோட்டத்துக்கு வெறும் கம்பி. 1 மெகா ஹெர்ட்ஸ் சைகைக்கோ ஏறத்தாழ 6,280 ஓம் தடை. 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கி நேர்த்திசை மின்னோட்டத்துக்கு மூடிய கதவு. அதே 1 மெகா ஹெர்ட்ஸ் சைகைக்கு 1.6 ஓம் மட்டுமே. மின்தூண்டி வழியே மின்திறன் போகும், மின்தேக்கி வழியே செய்தி போகும். பாடநூலில் வரும் இரு மின்மறுப்புச் சூத்திரங்களும் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதுவே பதில்.

வீட்டு மாடியில் உள்ள டிஷ் ஆண்டெனா இதற்கு நல்ல சான்று. அதன் முனையில் உள்ள பெறும் கருவியிலும் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கிறது, அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து மாடிக்குச் செல்வது ஒரே ஒரு வடம். நடுக்கம்பி ஒன்று, சுற்றியுள்ள உலோக உறை ஒன்று என அதில் இரண்டே கடத்திகள். செட்டாப் பெட்டியிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மேலே செல்கிறது. 950 முதல் 2150 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான தொலைக்காட்சிச் சைகை கீழே வருகிறது. அந்த 13, 18 என்ற வேறுபாடே ஒரு கட்டளைதான். எந்தத் தளவிளைவுள்ள அலையைப் பெற வேண்டும் என்பதை அது மேலே உள்ள கருவிக்குச் சொல்கிறது.

தரைவழித் தொலைபேசியிலும் இதே கருத்துதான். தொலைபேசி நிலையத்தின் மின்கல அடுக்கிலிருந்து 48 வோல்ட் அளவில் நேர்த்திசை மின்சாரம் அதே இரு கம்பிகளில் வந்தது. குரல் அதன்மேல் ஏறிச் சென்றது. ஊரில் மின்தடை ஏற்பட்டாலும் தொலைபேசி வேலை செய்ததன் காரணம் இதுவே. கைப்பேசியோடு வளர்ந்த மாணவர்கள் இதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வரலாம்.

ஒன்றுகள் தொடர்ந்து வந்தால்?

மின்தேக்கி மாற்றங்களை மட்டுமே கடத்தும். 11111111 என்ற தரவை 'உயர்நிலை, உயர்நிலை' என்று அப்படியே அனுப்பினால் மாற்றமே இல்லை. மின்தேக்கிக்கு அப்பால் எதுவும் சரியாகச் சென்று சேராது. இதற்கு மான்செஸ்டர் குறியீடு ஒரு தீர்வு. இதில் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கட்டாயம் ஒரு மாற்றம் உண்டு. தாழ்விலிருந்து உயர்வுக்குச் சென்றால் 1, உயர்விலிருந்து தாழ்வுக்கு வந்தால் 0. எந்தத் தரவாக இருந்தாலும் பாதி நேரம் உயர்வு, பாதி நேரம் தாழ்வு. 10 மெகாபிட் வேக ஈதர்நெட்டில் இந்தக் குறியீடு பயன்பட்டது.

வகுப்பில் இதை விளையாட்டாகச் செய்யலாம். ஒரு மாணவர் கைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் எட்டு பிட்களை அனுப்பட்டும். முதலில் சாதாரண முறை, பிறகு மான்செஸ்டர் முறை. முதல் முறையில், கை அசையாமல் நின்றால் எத்தனை ஒன்றுகள் போயின என்று எண்ணுபவர் திணறுவார். இரண்டாம் முறையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கை இருமடங்கு வேகத்தில் அசைய வேண்டும். நன்மைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் மாணவர் காண்பர்.

பாதுகாப்பு

இச்செயல்பாடுகள் அனைத்தையும் 9 வோல்ட் மின்கலத்தில் மட்டுமே செய்ய வேண்டும். 230 வோல்ட் வீட்டு மின்கம்பிகள் வழியாகவும் செய்தி அனுப்பும் கருவிகள் உண்டு. ஆனால் அதை வகுப்பறையிலோ வீட்டிலோ முயலக் கூடாது என்பதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பயன்பாட்டில் உள்ள தொலைபேசிக் கம்பிகளையும் பிரிக்கக் கூடாது. மணியடிக்கும் நேரத்தில் அவற்றில் 70 வோல்ட்டுக்கு மேல் மாறுதிசை மின்னழுத்தம் இருக்கக்கூடும்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. செயல்பாடு 1இல் வேலை விளக்கின் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் எனில், அரை வினாடித் துண்டிப்பின் தொடக்கத்தில் இருந்த வேகத்திலேயே மின்னழுத்தம் குறைந்தால் மொத்தம் எவ்வளவு குறையும்? (விடை: ஏறத்தாழ 2.3 வோல்ட்)

2. பொத்தானை அழுத்தும்போது 470 ஓம் மின்தடையாக்கியில் வெளிப்படும் மின்திறன் எவ்வளவு? கால் வாட் மின்தடையாக்கி தாங்குமா? (விடை: ஏறத்தாழ 0.17 வாட், தாங்கும்)

3. கம்பிகளை முன்பின்னாக மாற்றி இணைத்தாலும் பெறும் பலகை இயங்க வேண்டும். எந்தச் சுற்று உதவும்? (விடை: நான்கு டையோடுகள் கொண்ட பால அலைத்திருத்தி)

மூன்றாம் வினாவுக்கு விடை கண்ட மாணவரிடம் இதையும் சொல்லுங்கள். டிசிசி என்ற முறையில் ஓடும் மாதிரி ரயில்களில் இரு தண்டவாளங்களே இரு கம்பிகள். அவற்றின் மின்முனைகள் விடாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நிலையும் 58 மைக்ரோ வினாடி நீடித்தால் 1, ஏறத்தாழ 100 மைக்ரோ வினாடி நீடித்தால் 0. ரயிலுக்குள் உள்ள பால அலைத்திருத்தி அதை நேர்த்திசை மின்சாரமாக்கிக்கொள்கிறது. எனவே செய்தி ஓயாமல் சென்றாலும் மின்திறன் நிற்பதே இல்லை.

பாடம் முடிந்தபின் முதல் வினாவையே மீண்டும் கேளுங்கள். "இரண்டு கம்பிகள் போதும்" என்ற விடையோடு நிறுத்திவிடாதீர்கள். "அந்த இரண்டையும் பிரிப்பது எது?" என்று அடுத்துக் கேளுங்கள். "கம்பி" என்று சொல்லாமல், டையோடு, மின்தேக்கி, மின்தூண்டி ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லி, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மாணவர் விளக்கினால், பாடம் அவரைச் சென்றடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.